தபால் பிரித்த கூடத்தில் நீதிமன்றம்

பழைய கட்டடங்கள் பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்கு, பொதுப்பணித்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று கிருஷ்ணகிரியில் வசிக்கும் பொறியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: ஐயா, என் மகள் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது ஏழாவது தெருவும் மிஷன் தெருவும் சந்திக்கும் முனையில் வெள்ளைக் கல்லால் ஆன ஒரு மாளிகையைக் காட்டினாள். ஒரு காலத்தில் தபால் நிலையமாக இருந்ததாம், இப்போது நீதிமன்றமாம். தபால் நிலையம் என்றால் எனக்குக் கவுண்டரும் பசை டப்பாவும் முத்திரை குத்தும் சத்தமும்தான் நினைவுக்கு வரும். அப்படிப்பட்ட இடத்தில் நீதிமன்றம் எப்படிப் பொருந்தியது?

– வாசகி, பாலக்கோடு

பதில்: நீங்கள் பார்த்துவிட்டு வந்த கட்டடத்தின் வரைபடத்தை நான் பல மாலைகள் மேஜையில் விரித்து வைத்துப் பார்த்திருக்கிறேன் அம்மா. நேரில் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்ததில் மகிழ்ச்சி.

அது 1905இல் திறக்கப்பட்டபோதே இரண்டு குடித்தனம் உள்ள கட்டடம். கீழே தபால், மேலே மத்திய அரசின் நீதிமன்றம். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் இது வழக்கம். ஓர் ஊரில் மத்திய அரசுக்கு இருந்த வேலையே பெரும்பாலும் தபாலும் நீதியும் வரி வசூலும்தான். மூன்றுக்கும் தனித்தனியாக நிலம் வாங்குவானேன் என்று ஒரே கூரைக்குள் வைத்தார்கள். மூட்டைகள் கனமானவை, பொதுமக்கள் நாள் முழுக்க வந்து போவார்கள் என்பதால் தபாலுக்குத் தரைத்தளம். சத்தம் ஆகாது என்பதால் நீதிமன்றத்துக்கு மேல்தளம். 1989 நிலநடுக்கத்தில் கட்டடம் சேதமடைந்து மூடப்பட்டது. பழுதுபார்த்து 1990களில் மறுபடி திறந்தபோது தபால் துறை திரும்பி வரவில்லை. அது விட்டுப்போன இடமும் நீதிமன்றத்துக்கே வந்தது. இன்று அது ஒன்பதாவது சர்க்யூட் (பல மாநிலங்கள் சேர்ந்த நீதி வட்டாரம்) மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமையிடம். அங்கே நீண்ட காலம் நீதிபதியாக இருந்த ஜேம்ஸ் பிரௌனிங்கின் பெயரைக் கட்டடத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் பெரிய தபால் நிலையத்தைத் திட்டமிட்டவர்கள் இரண்டு பாதைகளை முதலில் வரைவார்கள். முன்வாசலில் நுழையும் மக்களின் பாதை ஒன்று. பின்பக்கம் வண்டியிலிருந்து இறங்கும் தபால் பையின் பாதை இன்னொன்று. இரண்டும் கவுண்டர் ஜன்னலில் மட்டுமே சந்திக்க வேண்டும். வேறெங்கும் குறுக்கே வரக் கூடாது. நீதிமன்றம் கட்டுகிறவரின் தலைவலியும் இதுவேதான். கட்சிக்காரர்களும் பொதுமக்களும் ஒரு வழி, நீதிபதிகள் ஒரு வழி, காவலில் இருப்பவரைக் கொண்டுவர ஒரு வழி என்று மூன்று வேண்டும். வழக்கில் சம்பந்தப்பட்டவர் நடைக்கூடத்தில் நீதிபதியின் எதிரே வந்து நிற்கும்படி ஆகக் கூடாது. பாதைகளைப் பிரித்தே கட்டப்பட்ட தபால் நிலையத்தில் பாதி வேலை முன்கூட்டியே முடிந்திருக்கிறது. மூட்டை இறங்கிய பின்வாசல் போலீஸ் வண்டிக்கு வாசலாகும். கவுண்டர் வரிசையில் மனு வாங்கும் பிரிவு உட்காரும்.

அடுத்தது வெளிச்சம். தபால் பிரிப்பவர் நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்தைப் படிக்கிறவர். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் கடிதம் வேறு மாநிலத்துக்குப் போய்விடும். மின்விளக்கு இன்னும் மங்கலாக இருந்த காலம் அது. அதனால் பிரிப்புக் கூடத்தின் தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டார்கள். உயரமான ஜன்னல்களையும் வைத்தார்கள். தூண்களை முடிந்தவரை தள்ளித் தள்ளி நிறுத்தினார்கள். இப்படிப்பட்ட கூடம் காகிதத்தோடு உழைக்கும் எந்த அலுவலகத்துக்கும் வரப்பிரசாதம். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் சாட்சி விசாரணை கிடையாது. கட்டுக்கட்டாக ஆவணங்களும் சட்டப் புத்தகங்களும் வழக்கறிஞர் வாதமும்தான். தபால் மூட்டைகளைத் தாங்கியது போன்ற தரையில் ரெக்கார்டு அலமாரிகளைப் பயமில்லாமல் வைக்கலாம்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல ஆசை. அந்தக் காலத்து அமெரிக்கத் தபால் நிலையங்கள் பலவற்றில் பிரிப்புக் கூடத்தின் மேலே ஒரு குறுகலான மறைவு நடை இருக்கும். அதற்குத் தனி ஏணி, தனிச் சாவி. தபால் ஆய்வாளர் யாருக்கும் தெரியாமல் ஏறி, சிறு துளை வழியாகக் கீழே பார்ப்பார். பணம் வைத்த உறையை யாராவது பையில் போட்டுக்கொள்கிறார்களா என்று கண்காணிக்கும் ஏற்பாடு. எந்த நேரத்தில் ஆய்வாளர் மேலே இருக்கிறார் என்பது ஊழியருக்குத் தெரியாது. இந்த நடைகள் மிஞ்சியிருக்கும் கட்டடங்களில் அவற்றை இடிக்காமல் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. அங்கே உழைத்தவர்களின் வாழ்க்கையைச் சொல்வதில் முன்வாசல் பளிங்கைவிட அந்தத் துளைகளுக்கு அதிக உரிமை இருக்கிறது.

கல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பர்கூர், ஜெகதேவி பக்கம் கல் அறுக்கும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவனால் அதைச் சொல்லாமல் விட முடியாது. நீங்கள் பார்த்த வெள்ளைக் கல் பளிங்கு இல்லை, கிரானைட். கலிபோர்னியாவிலேயே ரேமண்ட் என்ற ஊரின் குவாரியிலிருந்து வந்தது. உள்ளே எஃகுச் சட்டகம், வெளியே கல் போர்வை. உள்ளே போனால் நடைக்கூடங்களில் பளிங்கும் மொசைக்கும் கண்ணைப் பறிக்கும். அதற்காக இத்தாலியக் கைவினைஞர்களை வரவழைத்தார்கள். இந்தப் பகட்டை அன்றைக்கே சிலர் குறை சொன்னார்கள். அப்போது கட்டடம் நின்றது ஊரின் மையத்தில் கூட இல்லை, பழைய சதுப்பு நிலத்தில்.

சரியாக அடுத்த வருடமே சோதனை வந்தது. 1906 ஏப்ரல் 18, விடியற்காலை 5 மணி 12 நிமிடம். சுற்றியிருந்த தெருக்கள் உள்வாங்கின. கட்டடத்துக்குள் சுவர்கள் விரிந்தன, மொசைக் உதிர்ந்தது. ஆனால் எஃகுச் சட்டகம் நின்றது. பிறகு ஊரையே எரித்த தீ வந்தது. வெளியேறச் சொல்லியும் சில தபால் ஊழியர்கள் போகவில்லை. குழாயில் தண்ணீர் வராத நிலையில், கட்டடத்துக்குள் கிடைத்த தண்ணீரில் தபால் பைகளை நனைத்து, உள்ளே நுழைந்த தீயை அடித்து அணைத்தார்கள். அக்கம்பக்கம் சாம்பலானபோது இந்தக் கட்டடம் மிஞ்சியதற்கு அவர்களே காரணம். இரண்டு நாளில் தபால் மறுபடி ஓட ஆரம்பித்தது. வீடிழந்தவர்கள் சட்டைக் காலரிலும் அட்டைத் துண்டிலும் "உயிரோடு இருக்கிறோம்" என்று எழுதிப் போட்டார்கள். தபால் தலை இல்லாமலே அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பொறியாளனாக நான் எஃகைப் பாராட்டுகிறேன். ஆனால் நனைந்த சாக்கு இல்லையென்றால் அந்த எஃகும் தீயில் வளைந்திருக்கும்.

கேள்வி: நான் சட்டம் படிக்கிறேன். படங்களில் பார்க்கும் அமெரிக்க நீதிமன்றங்களும் பழைய தபால் நிலையங்களும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கின்றன. அதே தூண், அதே படிக்கட்டு. ஏன்?

– வாசகர், தர்மபுரி

பதில்: ஒரே அலுவலகம் வரைந்ததால்தான், தம்பி. அமெரிக்க நிதித்துறையின் கீழ் தலைமைக் கட்டடக் கலைஞர் என்று ஒரு பதவி இருந்தது. நாடு முழுவதும் மத்திய அரசுக் கட்டடங்கள் அந்த மேஜையிலிருந்தே புறப்பட்டன. 1897 முதல் 1912 வரை அந்தப் பதவியில் இருந்தவர் ஜேம்ஸ் நாக்ஸ் டெய்லர். மேலே சொன்ன சான் பிரான்சிஸ்கோ கட்டடம் அவர் கைவண்ணம். கிரேக்க, ரோமானிய மரபே குடியரசுக்கு ஏற்ற உடை என்று அவர் உறுதியாக நம்பினார். எங்கோ ஒரு மூலையில் இருக்கும் குடியானவன் தலைநகரத்தை வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை, ஆனால் தபால் தலை வாங்க வருவான், அப்போது அரசாங்கத்தின் முகத்தை அவன் பார்க்கட்டும் என்பது அந்தத் தலைமுறையின் எண்ணம். எனக்கு அதில் மரியாதை உண்டு.

பெரிய கட்டடங்களுக்குச் சில சமயம் போட்டி வைத்து வெளியாரிடமும் வேலையைக் கொடுத்தார்கள். டென்வர் நகரத்துத் தபால் நிலையம் அப்படி வந்தது. ட்ரேசி, ஸ்வார்ட்வவுட், லிட்ச்ஃபீல்டு என்ற நியூயார்க் நிறுவனம் வரைந்தது. 1916இல் முடிந்தது. முகப்பில் வரிசையாக 16 தூண்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். கல், கொலராடோ மலையிலிருந்து வெட்டிய யூல் பளிங்கு. வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபத்தின் வெளிப்புறமும் இதே கல்தான். பக்கவாசலில் மலையாட்டுச் சிற்பங்கள் இரண்டு, கிளாடிஸ் கால்டுவெல் ஃபிஷர் என்ற பெண் சிற்பி 1936இல் செதுக்கியவை. கிரேக்கத் தூணுக்குப் பக்கத்தில் அந்த ஊர் மலையின் ஆடு! படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். இங்கேயும் தபால் துறை வெளியேறியபின் 1990களில் புதுப்பித்து, பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுத்தார்கள். இப்போது, அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த பைரன் வைட்டின் பெயரில் பைரன் வைட் நீதிமன்றம் என்று பெயர்.

படிக்கட்டைப் பற்றி மட்டும் என் கருத்து வேறு. உயரமான படிகள் கம்பீரம் தரும் என்பார்கள். நிலத் தகராறுக்காக மூன்று பஸ் மாறி வாய்தாவுக்கு வரும் எழுபது வயதுக் கிழவிக்கு அந்தக் கம்பீரம் முழங்கால் வலி. நீ நாளை வழக்கறிஞராகி உன் பார் சங்கம் புதுக் கட்டடம் கேட்கும் நாளில், சாய்தளத்தைப் பக்கவாட்டுச் சந்தில் ஒளித்து வைக்காமல் முன்வாசலிலேயே கேள்.

கேள்வி: அதே சான் பிரான்சிஸ்கோ கட்டடத்தை நிலநடுக்கத்திலிருந்து காக்க அடியில் கிண்ணங்கள் வைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். கிண்ணம் எப்படி ஒரு கட்டடத்தைக் காப்பாற்றும்?

– வாசகர், ஓசூர்

பதில்: நீங்கள் படித்தது சரி. 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுந்த பிரச்சினை இதுதான்: வழக்கமான முறையில் வலுப்படுத்த வேண்டுமென்றால் ஒவ்வொரு தளத்திலும் கனத்த கான்கிரீட் சுவர்களை எழுப்ப வேண்டும். மொசைக்கும் மரவேலையும் பளிங்கும் அந்தச் சுவர்களுக்குப் பலியாகும். அதனால் மேலே கை வைக்காமல் அடியில் வேலை செய்தார்கள்.

எஃகுக் கிண்ணம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உள்பக்கம் துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி போல் மெருகிட்டது, லேசாகக் குழிந்தது. அதன் நடுவில் ஒரு வழுக்குக் கட்டை. கட்டையின் மேல் கட்டடத்தின் தூண் உட்காருகிறது. பூமி ஆடும்போது கிண்ணம் நகரும், தூண் அதோடு ஓடாது. வழுக்குக் கட்டை கிண்ணத்தின் ஓரம் நோக்கிச் சரிந்து ஏறும். ஏறும்போது கட்டடம் மயிரிழை உயரும். அதன் சொந்த எடையே மறுபடி அதை நடுவுக்கு இறக்கிவிடும். வாணலியில் விட்ட கோலிக்குண்டு எங்கே உருட்டினாலும் அடிக்கு வந்து நிற்பதைப் போல. உரசலில் ஆட்டத்தின் வேகமும் தின்னப்பட்டுவிடும். மேலே இருப்பவர்களுக்கு வெட்டி உலுக்கும் அதிர்ச்சி, மெதுவான அசைவாகக் குறைகிறது.

இப்படி 256 கிண்ணங்கள். வேலையின் நுணுக்கம் வைக்கும் விதத்தில் இருக்கிறது. தூணின் பாரத்தை ஜாக்கிகளில் ஏற்றி, தூணை அடியில் அறுத்து, கிண்ணத்தைச் செருகி, பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். கொஞ்சம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் மேலே சுவரில் விரிசல் கோடு போடும். கட்டடத்தைச் சுற்றி அது அசைந்துகொள்ள இடைவெளி விட வேண்டும். உள்ளே வரும் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் வளைந்து கொடுக்க வேண்டும். இத்தனையும் செய்ததால்தான் மேல்தளத்தில் நீதிமன்றக் கூடங்களின் 1905ஆம் ஆண்டு அலங்காரம் அப்படியே இருக்கிறது.

நம் நாட்டிலும் இந்தச் சிந்தனை வந்திருக்கிறது. 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் இடிந்த குஜராத்தின் புஜ் மாவட்ட மருத்துவமனையைத் திரும்பக் கட்டும்போது ரப்பரும் ஈயமும் சேர்ந்த தாங்கிகளின் மேல் நிறுத்தினார்கள். அது புதுக் கட்டடம். நின்றுகொண்டிருக்கும் பழைய கட்டடத்தின் அடியில் செருகுவது பல மடங்கு கடினம், செலவும் அதிகம்.

கேள்வி: சென்னையில் இப்படித் தபாலும் நீதிமன்றமும் ஒரே கட்டடத்தில் இருந்தனவா?

– வாசகர், ஊத்தங்கரை

பதில்: புகழ்பெற்ற இரண்டும் தனித்தனி. ராஜாஜி சாலையில் இருக்கும் பொதுத் தபால் நிலையம் ராபர்ட் சிஷோம் வடிவமைத்தது, 1884இல் வந்தது. கொஞ்ச தூரத்தில் உயர் நீதிமன்றம், 1892. இரண்டும் இந்தோ-சாரசெனிக் பாணி. தபால் நிலையம் 2000இல் தீ விபத்தில் பெரும் சேதம் அடைந்தது. இருந்தும் இடித்துத் தள்ளாமல் சீரமைத்து, தபால் நிலையமாகவே நடத்துகிறார்கள். அடுத்த முறை சென்னை போனால் உள்ளே ஒரு நிமிடம் நின்று மேலே பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய அலுவலகம் ஒன்று காலியாகிவிட்டது. வேறு அலுவலகத்துக்குக் கொடுக்கலாம் என்கிறார்கள் சிலர், இடித்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்? நீங்கள் இப்படி ஏதாவது கட்டடத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்களா?

– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: பணியில் இருந்தபோது ஒரு பழைய அலுவலகக் கூடத்தை நீதிமன்றமாக மாற்றும் வேலை என்னிடம் வந்தது. உயரமான கூடம், மொட்டைச் சுவர், கல் தரை. சாட்சி பேசுவது பெஞ்ச் கிளார்க்கின் காதில் இரண்டு முறை விழுந்தது, நேராக ஒரு முறை, சுவரில் மோதி ஒரு முறை. "சத்தமாகச் சொல்லம்மா" என்று அவர் கேட்கக் கேட்க, சாட்சிக் கூண்டில் நின்ற பெண் மிரண்டு, குரல் இன்னும் தாழ்ந்தது. ஒருவருடைய நிலமும் மானமும் அவர் சொல்லும் இரண்டு வாக்கியத்தில் தொங்கும்போது அந்த வாக்கியம் கேட்காமல் போவது எவ்வளவு பெரிய அநியாயம்! பொய்க்கூரை அடித்துவிடலாம் என்றார் ஒப்பந்தக்காரர். அடித்திருந்தால் மேல் ஜன்னல் மறைந்து பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டி வந்திருக்கும். நீதிபதியின் இருக்கைக்குப் பின்னும் எதிர்ச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு மேல் வரை மரப்பலகை பதித்து, பலகைக்கும் சுவருக்கும் நடுவில் தென்னை நார்ப் பாய் வைத்தோம். எதிரொலி அடங்கியது, ஜன்னலும் பிழைத்தது.

உங்கள் கட்டடத்துக்கு முதல் பரிசோதனை கூரை. மெட்ராஸ் டெரஸாக இருக்கும் என்று உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது: தேக்கு விட்டங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டி, மேலே செங்கல் ஜல்லிக் கலவை போட்டு இடித்து, தட்டோடு பதித்த கூரை. இதில் முதலில் போவது விட்டத்தின் நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் புதைந்திருக்கும் முனை. ஈரம் அங்கேதான் தங்கும், கரையானும் அங்கேதான் நுழையும். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல மரம் கணீர் என்று பேசும், உளுத்தது பொத்தென்று விழும். சந்தேகம் இருந்தால் நீளமான ஆணியை அழுத்திப் பாருங்கள். நாலு விட்டங்களின் முனை போயிருந்தால் அந்த நாலை மாற்றினால் போதும். கூரையே போய்விட்டது என்று சொல்கிறவரை நம்பாதீர்கள்.

இரண்டாவது, சுவர். அடிப்பகுதியில் காரை உப்புப் பூத்து உதிர்கிறதென்றால், பிற்காலத்தில் யாரோ சிமென்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் பூச்சு வாயை அடைத்துவிடும். உள்ளே தேங்கிய ஈரம் செங்கல்லைத் தின்னும். சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூச வேண்டும். கொத்தனார் தயங்கினால், வீட்டுக்குச் சுண்ணாம்புக் காரை பூசிப் பழகிய மூத்த கொத்தனாரைத் தேடுங்கள். நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, வரப்போவது எந்த அலுவலகம் என்பது. நெருக்கி அடுக்கிய காகிதம் ஒரு கன மீட்டர் முக்கால் டன்னைத் தொடும். ரெக்கார்டு அறை வேண்டுமென்றால் அது தரைத்தளத்தில்தான், மர விட்டத்தின் மேல் கூடவே கூடாது. பொதுமக்கள் நிறையப் பேர் வரும் அலுவலகமென்றால் இரண்டு வாசல் இருக்கிறதா, கழிப்பறையைப் பழைய சுவரைத் தொடாமல் தனியாகக் கட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இவை சரியென்றால் இடிக்க ஒரு காரணமும் இல்லை.

எந்த முடிவுக்கும் முன்னால் அளவெடுத்த வரைபடம் ஒன்று தயாராகட்டும். பக்கத்துப் பாலிடெக்னிக் மாணவர்கள் நாலு பேர், ஒரு நாடா, ஒரு ஏணி இருந்தால் போதும். சுவர் கனம், ஜன்னல் உயரம், விட்டங்களின் இடைவெளி மூன்றும் அதில் இருக்க வேண்டும். ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் உள்ளே போய், ஈரம் காணும் இடங்களை அதே வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்து, பத்திரிகை முகவரிக்கு அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டு, எந்த விட்டத்தை மாற்ற வேண்டும், எதை விடலாம் என்று விவரமாக எழுதுகிறேன்.